தாமதமாக உடைத்த கதவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, அங்கே உனக்கும் அந்த இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன், விடவில்லை என்றால் டாக்டரைப் பார், நீயாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. உடம்பைப் பற்றி மட்டும்தான் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன், மற்றதெல்லாம் எப்படி என்று நீ கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போன் பேசும்போது அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் பேச்சை எடுத்தால் தொண்டையைக் கனைக்கிறார், அப்புறம் எதைச் சொல்வது. தங்கச்சி ஏன் பேச வரமாட்டேன் என்கிறாள், என்மேல் கோபமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் தூங்குகிறாள், குளிக்கிறாள், வெளியே போயிருக்கிறாள் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. போன் அப்பா கையிலிருந்து வருகிறது, அதனால் வாங்கமாட்டேன் என்கிறாள். அவர் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை, தண்ணீர்ச் செம்பைக்கூட. எதனால் என்று முதலிலிருந்து சொல்கிறேன், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காமல் உட்கார்ந்து படி.

நீ போன பிறகு நம் குடியிருப்புச் சங்கத்துக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர், முன் பிளாக்கில் இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கிக்கொண்டு இருக்கிறார். கையில் மைக் கிடைத்தால் கீழே வைக்கமாட்டார், பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மைக்செட். செயலாளர் உனக்குத் தெரிந்த பழைய ஆள்தான், படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினாய் என்று உன் சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு இரண்டு நாள் இழுத்தடித்தாரே, அவரேதான். அப்பா இப்போது துணைச் செயலாளர். மின்சார ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பதவி வந்ததும் உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது, கூட்டம் என்றால் இஸ்திரி போட்ட சட்டைதான். முதல் கூட்டத்திலேயே தலைவர் பேசினார், இளைஞர்கள்தான் நம்ம சொத்து, அவங்களுக்குள்ள இருக்கிற திறமையை நாமதான் வெளிய கொண்டுவரணும், பொறுப்பை அவங்க கையில குடுத்துப் பாருங்க, அப்புறம் தெரியும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், நல்ல வார்த்தைதானே. இளைஞர் அணி என்று பெயர் வைத்தார்கள், பயன்படாமல் கிடந்த பழைய மோட்டார் ரூமைக் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள், முதுகில் சங்கத்தின் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே தலைவருடைய கடையின் பெயர் அதைவிடப் பெரிதாக. உன் தங்கச்சி அதற்குப் பொறுப்பாளர் ஆனாள். தேர்தல் எல்லாம் இல்லை, யார் பொறுப்பு ஏற்கிறீர்கள் என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், இவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். முதலில் சில மாதம் அவர்களுக்குக் கிடைத்த பொறுப்பு என்னவென்றால் கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போடுவது, கூட்டம் முடிந்தால் எடுத்து அடுக்குவது, நடுவில் முன்வரிசையில் உட்கார்ந்து தலைவர் பேசுவதைக் கேட்பது.

பிறகு பின் பிளாக்கில் தனியாக இருந்த பழைய தபால்காரர் இறந்து போனார், இறந்து எத்தனை நாள் ஆயிற்று என்றுகூட யாருக்கும் தெரியவில்லை, வாசலில் பேப்பர் சேர்ந்து கிடக்கிறதே என்று பேப்பர் போடுகிறவர் சொல்லித்தான் கதவைத் திறந்தார்கள். நான் ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறேன், வருகிறேன், எனக்கும் தெரியவில்லை. மறுநாள் தங்கச்சி எழுந்து ஒவ்வொரு மாடியாக ஏறி, இங்கே யார் தனியாக இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே போனாள். நம் குடியிருப்பில் இத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. அவளாக ஒரு யோசனை கண்டுபிடித்தாள். தையல்கடை அக்காவிடம் போய் மிச்சத் துணியெல்லாம் கேட்டு வாங்கி, பளிச்சென்று தெரிகிற துண்டுகளாக வெட்டி, தனியாக இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தாள். காலையில் எழுந்ததும் அதைப் பால்கனிக் கம்பியில் கட்டிவிட வேண்டும், நான் நல்லா இருக்கேன் என்று அர்த்தம். சாயங்காலம் அவிழ்த்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் துணி தெரியாத வீட்டுக்கு உடனே ஒருவர் ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார். இவ்வளவுதான், இதற்கு மைக் தேவைப்படவில்லை.

நீ பார்த்திருக்க வேண்டும், அந்தப் பிள்ளைகளை அப்போது பார்த்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் மகன், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு அப்பாவிடம் தினமும் அடி வாங்குவானே, காது கேட்காத ஒரு பெரியவர் வீட்டில் காலிங்பெல்லை அழுத்தினால் கூடத்தில் விளக்கு எரிகிற மாதிரி அவனே ஒயர் இழுத்துச் செய்து கொடுத்தான். பேச்சுத் திக்குகிற பையன் ஒருவன், கடையில் பென்சில் கேட்கக்கூட வெட்கப்பட்டு என் வேனில் ஜன்னலோரம் ஒடுங்கி வந்தவன், அவனைத்தான் பெரியவர்களுக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவசரமில்லாமல் அவர்களோடு உட்கார்ந்திருப்பான், அவர்களும் அவன் முடிக்கிறவரைக்கும் காத்திருப்பார்கள், அந்தக் காத்திருப்பில் அவனுக்குத் திக்கல் குறைந்தே போயிற்று. மளிகைக்கடைக்காரர் மகள், வாலு என்று கூப்பிடுவோமே, அவள் மோட்டார் ரூம் மாடியில் நின்று எல்லா பிளாக்கையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு யார் வீட்டில் துணி இல்லை என்று உரக்கக் கத்துவாள், நான் வேனை எடுப்பதற்குள் மொத்தக் குடியிருப்பும் நலமா இல்லையா என்று தெரிந்துவிடும். தங்கச்சி இதையெல்லாம் கட்டி மேய்த்தாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னால் முகத்தைத் தூக்குகிறவள், அங்கே யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை, யார் வரமாட்டார்கள், அவர்களுக்குப் பதில் யார் என்று விரல் நுனியில் வைத்திருந்தாள்.

இப்போது டைப்பிஸ்ட் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார், பிள்ளைகள் கிடையாது, தங்கை மகன் ஒருவன் எங்கோ இருந்தான். நாக்கு கத்திதான். என் வேன் ஹாரன் அடித்தால் பால்கனியிலிருந்து, ஊர்வலம் கிளம்பிடுச்சா என்பார். தங்கச்சியை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். இந்த அம்மா பல நாள் வேண்டுமென்றே துணியைக் கட்டமாட்டார். இவள் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி ஓடிக் கதவைத் தட்டினால், கையில் டீயோடு திறந்து, என்ன மேஸ்திரி, நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியா, உள்ள வா, சர்க்கரை போட்டிருக்கேன் என்பார். இவள் திட்டிக்கொண்டே உள்ளே போய் உட்காருவாள். துணி இல்லாட்டி ஏறிப் போகணும், அவங்க விளையாடுறாங்களா இல்லையான்னு ஏறிப் போனாத்தான் தெரியும் என்று மற்றப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். கதவைத் தட்டுவது மட்டும் போதாது, திறக்க முடியாமல் விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று பெரியவர்களே யோசித்து ஆளுக்கு ஒரு மாற்றுச் சாவியை இவளிடம் கொடுத்தார்கள். அதில் முதல் சாவி டைப்பிஸ்ட் அம்மாவுடையது.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு தாத்தாவை அந்தச் சாவியால் திறந்துதான் எடுத்தார்கள், இடுப்பு தப்பியது. அதைக் கேள்விப்பட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். படத்தில் தலைவர் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், செயலாளர் பக்கத்தில், அப்பா ஓரத்தில், பிள்ளைகள் யாரும் இல்லை, படம் எடுக்கும்போது அவர்களை நாற்காலி கொண்டுவர அனுப்பியிருந்தார்கள். அதற்கும் தங்கச்சி கோபப்படவில்லை, போகட்டும்மா, துணியாவது படத்துல வந்துச்சே என்று சிரித்தாள். ஆனால் பேப்பரில் வந்த பிறகுதான் பெரிய மனிதர்களுக்குப் பயம் வந்தது. இத்தனை வீட்டுச் சாவி சின்னப் பிள்ளைகள் கையில் இருக்கிறதே, நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் சங்கம் பதில் சொல்ல வேண்டுமே என்று கமிட்டியில் செயலாளர் கிளப்பினார். பிள்ளைகளிடம் கேட்கவில்லை, சாவி கொடுத்த பெரியவர்களிடமும் கேட்கவில்லை, சாவிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்ச் சங்க ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கமிட்டி ஆள் ஒருவர் கூட வந்தால்தான் எடுக்கலாம், அதுவும் செயலாளர் சம்மதத்தோடு. ஆபீசுக்கும் பீரோவுக்கும் சேர்த்து ஒரு சாவிக்கொத்து செயலாளரிடம், இன்னொன்று துணைச் செயலாளரிடம். அதாவது அப்பாவிடம். எங்களை நம்பித்தானேப்பா அவங்க குடுத்தாங்க என்று தங்கச்சி கேட்டதற்கு அப்பா, நம்பிக்கை வேற, நடைமுறை வேறம்மா என்றார். அந்த வாக்கியத்தை எங்கே கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை, செயலாளர் மாதிரியே மோவாயைத் தூக்கிக்கொண்டு சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அந்தக் காலையை எழுதத்தான் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். டைப்பிஸ்ட் அம்மா வீட்டில் துணி இல்லை என்று வாலு கத்தினாள். தங்கச்சி ஏறிப் போனாள், தட்டினாள், திட்டினாள், விளையாட்டெல்லாம் போதும் கதவைத் திறங்க என்றாள். காதைக் கதவில் வைத்தபோது உள்ளே தரையில் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், அதோடு தொண்டையிலிருந்து ஒரு சத்தம். வார்த்தையாக இல்லை. திக்குகிற பையனைக் கதவோடு பேசிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு இவள் படியில் உருண்டு விழாத குறையாக வீட்டுக்கு ஓடி வந்தாள். அப்பா முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். சாவிக்கொத்து சட்டைப் பையில், சட்டை ஆணியில். நான் வேனைத் துடைத்துக்கொண்டு வாசலில் இருந்தேன், எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. அப்பா, சாவியக் குடுங்க, உள்ள சத்தம் கேக்குது என்றாள். அவர், இரும்மா, செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன் என்றார். அதெல்லாம் நேரமில்லப்பா என்றாள். அவரைக் கேக்காம எப்படித் திறக்கிறது, நாளைக்கு யாரு பதில் சொல்றது, ஒரு நிமிஷம் இரு, போன் போடறேன் என்றார். போட்டார். செயலாளர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடி போட்டார். இவள் ஆணியில் இருந்த சட்டையை எடுக்கப் போனபோது இவர் போய்க் குறுக்கே நின்றுகொண்டார், சோப்பு நுரையோடு, தன் மகளுக்கு முன்னால், தன் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு. கடைசியில் செயலாளர் போனை எடுத்தார், அப்பா ஸ்பீக்கரில் போட்டார், அந்தக் குரலை நானே கேட்டேன். அந்த அம்மாவா, அவங்க எப்பவும் இப்படித்தானே, ஆள் வரணும்னு வேணும்னே துணி கட்டமாட்டாங்க, பதறாதீங்க, நான் சுத்தி முடிச்சிட்டு வந்து பாக்கறேன், அதுவரைக்கும் பீரோவைத் தொட வேணாம். அப்பா, சரிங்க என்றார்.

தங்கச்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். நான் வேனின் பின் கதவைத் திறந்து, சக்கரம் மாற்றும்போது ஜாக்கியைச் சுற்றுகிற இரும்புக் கம்பி இருக்கிறதே, அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளோடு நானும் ஓடினேன், மூட்டு வலியெல்லாம் அன்றைக்குத் தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் மகனும் அவளும் சேர்ந்து பூட்டுப் பக்கம் கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள், கதவு கெட்டி, நானும் சேர்ந்து மூன்று பேரும் தொங்கின பிறகுதான் பிளந்தது. அந்த அம்மா கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் கிடந்தார். ஒரு பக்கம் முழுக்கச் செயல் இழந்திருந்தது, மற்ற கையால் தரையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கதவுப் பக்கம் வந்திருக்கிறார், துணி அந்தக் கையில் இருந்தது. தங்கச்சியைப் பார்த்தார், வாய் ஒரு பக்கம் கோணி ஏதோ சொல்ல வந்தது, மேஸ்திரி என்றுதான் இருக்க வேண்டும், வரவில்லை. என் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருமுனையில் காத்துக்கொண்டு நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, இதெல்லாம் சீக்கிரம் கொண்டுவந்திருக்கணும், ஒவ்வொரு நிமிஷமும் கணக்குங்க என்றார். அந்த நிமிஷத்தையெல்லாம் நான் எங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. அந்த அம்மா பேச்சே வராமல் சில நாள் கிடந்துவிட்டு இறந்து போனார். தங்கச்சி தினமும் போய் உட்கார்ந்திருந்தாள்.

எத்தனையோ வருஷமாக எட்டிப் பார்க்காத தங்கை மகன் இறந்த பிறகு வந்தான். வந்தவன் முதலில் கேட்டது, கதவை உடைத்தது யார், யார் அனுமதி கொடுத்தது என்று. வக்கீலைப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை விட்டான், அவ்வளவுதான், கமிட்டி பயந்துவிட்டது. பொதுக்கூட்டம் போட்டார்கள். நாற்காலி போட அன்றைக்கு வாட்ச்மேன். தலைவர் மைக்கைப் பிடித்து, ஆர்வம் இருந்தா மட்டும் போதாது, கட்டுப்பாடு வேணும், இளைஞர் அணி சங்கத்தோட அனுமதி இல்லாம தன்னிச்சையா நடந்துக்கிட்டாங்க, இதுக்குச் சங்கம் பொறுப்பு இல்ல என்றார். பொறுப்பு என்ற வார்த்தை பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே கிடைத்தது. பீரோ, சாவி, போன், நடைப்பயிற்சி எதைப் பற்றியும் யாரும் மூச்சு விடவில்லை. நான் எழுந்து, கம்பி என்னுடையதுங்க, குடுத்தது நான்தான், என்னைக் கேளுங்க என்றேன். செயலாளர் சிரித்துக்கொண்டு, நீங்க உக்காருங்க, அப்புறம் பேசலாம் என்றார், இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு தங்கச்சியை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அதோடு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் எழுந்தாள். கதவை உடைச்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன், லேட்டா உடைச்சதுக்கு வேணும்னா கேக்கறேன், எங்கப்பாவோட பேசிக்கிட்டு நிக்காம நேரா கம்பியை எடுத்திருக்கணும் என்றாள். அப்போதுதான் அப்பா எழுந்தார். நான் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சாவி என்கிட்டதான் இருந்தது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலைவரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசறா, அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் என்றார். இவள் பக்கம் திரும்பி, வாயை மூடிட்டு உக்காரு என்றார். அவள் உட்காரவில்லை, நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வெளியே போனாள், அந்த மஞ்சள் பனியன்களும் ஒவ்வொன்றாக எழுந்து அவள் பின்னாலேயே போயின. நானும் போனேன்.

அதோடு இளைஞர் அணியைக் கலைத்தார்கள், மோட்டார் ரூமுக்குப் பூட்டு. எலக்ட்ரீஷியன் தன் மகனை இனிமேல் அந்தப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்றார். திக்குகிற பையன் மறுபடி என் வேனில் ஜன்னலோரம் ஒடுங்கிவிட்டான், வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறான், அவனைப் பார்க்கும்போது எனக்குக் கமிட்டிமேல் வருகிற கோபம் அந்த அம்மாவை நினைத்தால்கூட வருவதில்லை, அவராவது வாழ்ந்து முடித்தவர். பெரியவர்கள் கொஞ்ச நாள் பழக்கத்தில் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி காலேஜுக்குப் போகிறாள், வருகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன வாரம் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பாட்டி பையைத் தூக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார், இவள் பக்கத்தில் ஒதுங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன், பார்த்தேன். பையை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஏன்டி இப்படி என்று கேட்டதற்கு, கமிட்டிய கேட்டுட்டுத் தூக்கலாம்னு இருந்தேம்மா என்றாள். என் பெண்ணா இது என்று எனக்குப் பகீரென்றது. திறமையை வளர்க்கிறோம், பொறுப்பைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

அப்பா இன்னும் துணைச் செயலாளர்தான். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து அந்தச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைக்கிறேன், மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். ராத்திரி தூங்குவதில்லை, அது எனக்குத் தெரியும், ஆனால் எதற்காகத் தூங்கவில்லை என்று அவராக வாயைத் திறந்து சொல்கிறவரைக்கும் நான் கேட்கப்போவதில்லை. முந்தாநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் என்னைப் பார்த்து, சங்கத்து ஆண்டு விழா வருது, இளைஞர் பொறுப்புன்னு ஒரு தலைப்பு வெச்சிருக்காங்க, நம்ம பையன் அங்கேருந்தே வீடியோவுல ஒரு பத்து நிமிஷம் பேசினா நல்லாருக்கும்னு தலைவர் ஆசைப்படறார் என்றார். நீ அங்கே லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறாய் என்று தலைவருக்குத் தெரியுமோ தெரியாதோ, வெளிநாட்டில் இருக்கிறாய், அது போதும் அவருக்கு. தங்கச்சி எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அப்பாவைப் பார்த்து முதல் வார்த்தை பேசினாள். அண்ணன் பேசட்டும்ப்பா, கேக்கத்தான் அங்க நாங்க ஒருத்தரும் இருக்கமாட்டோம் என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேட்டதைச் சொல்லிவிட்டேன், இனி உன் இஷ்டம். பேசாதே என்று சொல்லமாட்டேன். பேசுவதாக இருந்தால் ஊக்கம், எதிர்காலம், நம்பிக்கை என்று அவர்கள் எழுதிக் கொடுப்பதை வாசிக்காதே. அன்றைக்குச் சாவி எங்கே இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருகிறவரைக்கும் காத்திரு. உன்னை உட்காரச் சொல்ல அவர்களால் முடியாது, நீ தூரத்தில் இருக்கிறாய். தூரத்தில் இருப்பதில் எனக்குத் தெரிந்து இருக்கிற ஒரே நன்மை அது.

வீட்டுப் போனுக்கு இல்லாமல் தங்கச்சியை அவள் போனிலேயே கூப்பிடு, சாயங்காலம் காலேஜ் விட்டு வந்த பிறகு, அப்பா சங்க ஆபீசுக்குப் போயிருக்கிற நேரம். புத்தி சொல்லாதே, எல்லாம் சரியாயிடும் என்றும் சொல்லாதே. நீ செய்தது சரி என்று சொல். நான் சொன்னால் அம்மா அப்படித்தான் சொல்லுவ என்கிறாள், சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, நீயாவது சொல். என்னிடம் அழைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாலும் கேள், போகிறேன் என்றால் நான் தடுக்கமாட்டேன், உன்னை அனுப்பும்போது அழுத மாதிரிகூட அழமாட்டேன். இருமலை அலட்சியம் பண்ணாதே. உயரத்தில் ஏறும்போது இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொள், தினமும் செய்கிற வேலைதானே என்று விட்டுவிடாதே. எந்தக் குறையும் இல்லாமல், நல்ல மனிதர்களோடு, நெடுநாள் சுகமாக இரு என் கண்ணே.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: அப்பாவும் இரண்டு வரி எழுதட்டும் என்று இந்த இடத்தை விட்டு அவரிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது, எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, செயலாளர் போனில் சொன்னதை மட்டும் அடிச்சுடு, யார் கையிலாவது கிடைச்சா வம்பு என்றார். அடிக்கவில்லை.